கை தட்டியதும் பேசு

எனக்குக் கைதட்டல் ஆகாது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடி முடித்ததும் எல்லா டீச்சர்மாரும் தட்டுவார்கள். நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வந்தது. வரட்டும், அந்தப் பேரால் எனக்கு ஒரு மயிரும் உதிரவில்லை. ஆனால் காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் செத்தால் என் கட்டை வேகாது.

திருவனந்தபுரத்தில் வலியசாலைப் பக்கம் எங்கள் தெரு. எப்போதோ நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதுகிறவர்கள், பலசரக்கு வியாபாரம் பார்க்கிறவர்கள், ஆபீசில் ஃபைல் புரட்டுகிறவர்கள். நான் அறுபதுகளின் கடைசியில் நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்தேன். பிறகு தமிழ் டீச்சர் வேலை கிடைத்தது. எண்பதுகள் பிறந்தபோது தெருப் பிள்ளைகள் மலையாளத்தில்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள். என் மகனே, "அம்மே, எனிக்கு விசக்குந்நு" என்றுதான் வந்து நிற்பான். "பசிக்குன்னு சொன்னாத்தான் சோறு" என்று நான் தட்டைப் பிடுங்குவேன். அவன் பக்கத்து வீட்டில் போய்த் தின்றுவிட்டு வருவான்.

தமிழ் போகிறது, பழைய பேச்சு போகிறது என்று தெரு மன்றத்தில் பொங்கலுக்குப் பொங்கல் யாராவது ஒருவர் அழுவார். அழுகையைக் கேட்டுவிட்டு வடை தின்போம். அந்த வழக்கத்தை மாற்றியவன் என் கொழுந்தன். கூடப்பிறந்தவன் அல்ல, என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். எங்கள் தெருவில் பெரிய வீடு என்றால் அவர்கள் வீடுதான். அவன் ஒரு ஸ்டூடியோவில் காமிரா உதவியாளனாக இருந்தான். மன்றத்துக்குச் செயலாளரும் அவனே.

ஒருநாள் ஃபிலிம் சொசைட்டியில் ஒரு படம் பார்க்க என்னையும் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனான். பனி நாட்டுக்காரர்கள், அன்றைக்கு எஸ்கிமோக்கள் என்போம், தாங்களே காமிரா பிடித்துத் தங்கள் ஊர்க் கிழடுகளைப் பேசவைத்து எடுத்த படம். ஒரு கிழவி ரோமச் சட்டையோடு உட்கார்ந்து பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். இடையில் ஒருத்தரும் புகவில்லை. அவள் மூச்சு வாங்கினால் அந்த மூச்சும் கேட்கிறது. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது. அவள் பாஷையில் ஒரு சொல் எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் குரல் கம்மியபோது எனக்குப் பக்கத்தில் இருந்த மலையாளத்து அம்மா மூக்கைச் சிந்தினாள்.

வெளியே வந்ததும் கொழுந்தன், "மைனி, நம்ம தெருவுக்கு இதுபோல ஒண்ணு எடுக்கணும், கேட்டேளா? வெளியாளு ஒருத்தன் வரப்பிடாது. நாமளே எடுக்கணும், நம்ம ஆளுக பேசணும், அவாள் சத்தம் அப்படியே கெடக்கணும்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிலிர்த்த உடம்பை இன்றைக்கு நினைத்தால் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

ஸ்டூடியோவில் கெஞ்சி ஒரு சின்ன காமிரா வாங்கி வந்தான். கடிகாரம்போல சாவி முறுக்கினால் ஓடும், அரை நிமிஷத்தில் நின்றுவிடும், மறுபடி முறுக்க வேண்டும். அது படம் மட்டும் பிடிக்கும், சத்தம் பிடிக்காது. சத்தத்துக்குத் தனியாக ஒரு காசெட் ரெக்கார்டர். பிற்பாடு இரண்டையும் சேர்க்கும்போது எந்தப் பேச்சு எந்த வாய்க்கு என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒவ்வொரு முறையும் காமிரா ஓடத் தொடங்கியதும் ஒருத்தர் முன்னால் நின்று பளாரென்று ஒரு கை தட்ட வேண்டும். அந்த வேலை எனக்கு. மைக்கைப் பிடிப்பதும் கேள்வி கேட்பதும் நான்தான். பெண்பிள்ளைகள் ஆம்பிளை முன்னால் வாய் திறக்கமாட்டார்கள் என்று மன்றத்தார் கண்டுபிடித்திருந்தார்கள். "நான் கை தட்டினதும் பேசுங்கோ, கொழுந்தன் நிப்பாட்டுன்னா நிப்பாட்டுங்கோ" என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது.

முதலில் பேசியது பெரிய வீட்டு அத்தை, கொழுந்தனைப் பெற்றவள். வைரத்தோடு போட்டுக்கொண்டு, தான் கல்யாணமாகி வில்வண்டியில் வந்த கதையைச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். பிறகு இன்னும் சில பேர். கடைசியாக மருத்துவச்சியை எடுக்க வேண்டும் என்று கொழுந்தனே சொன்னான். "தெருவுல பாதிப்பேரு அவ கையில விழுந்தவங்கதானே மைனி. நானும்தான்."

மருத்துவச்சி கிள்ளியாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓலை வீட்டில் இருந்தாள். பேறு பார்ப்பது அவள் குலத்தொழில். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிய பிறகு வேலை இல்லை. ஒரு காது கேட்காது. எந்த வீட்டுக்கும் அவள் முன்வாசல் வழியாக வந்ததில்லை. அவள் கையில் விழுந்த பொடியன்கூட மீசை முளைத்ததும் அவளை "எளா" என்று, அடியே போடுவதுபோலத்தான் கூப்பிடுவான். நான் ஆச்சி என்று கூப்பிட்டதற்குத் தெருவில் முணுமுணுத்தார்கள்.

அவளுக்கு இன்னொரு பேரும் உண்டு. மவளைத் தின்னி. அந்தப் பேரை நான் புதுப்பெண்ணாக வந்த வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவளுடைய ஒரே மகள் தலைப்பிரசவத்தில் செத்துப்போனாள், பிள்ளையும் வெளியே வரவில்லை. அந்த நாளில் அவள் பெரிய வீட்டில் பேறு பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரிய வீட்டுச் சேலைக்கும் நெல்லுக்கும் ஆசைப்பட்டு, பெத்த மவ துடிக்கத் துடிக்கப் போகாம இருந்திட்டா" என்பது தெருவின் தீர்ப்பு. அவள் புருஷனும் அதைத்தான் நம்பினான். சாகும்வரை அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு என் மாமியார் முறுக்கு எடுத்துக் கடித்தாள்.

நான் படத்துக்குக் கூப்பிடப் போனபோது மருத்துவச்சி முதலில் கேட்டது இதுதான்.

"நான் சொல்லுகது எல்லாருக்கும் கேக்குமா டீச்சரம்மா?"

"கேக்கும் ஆச்சி. ஹால்ல வச்சுப் போடுவாவ. தெரு முழுக்க வரும்."

"பெரிய வீட்டு அம்மையும் வருவாவளா?"

"அவுங்கதான் முன்வரிசை."

"ஷெரி. அப்போ வாறேன்" என்றாள். என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிற மருந்து, தாலாட்டு, இப்படி ஏதோ என்று நினைத்தேன்.

பெரிய வீட்டுப் புறவாசலில், கிணற்றடியில் வைத்து எடுத்தோம். நான் பாயை விரித்தேன். அவள் அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கொழுந்தன் சாவியை முறுக்கினான், நான் கை தட்டினேன். கொஞ்சம் மருந்து பற்றிச் சொன்னாள். அப்புறம், "ஒரு பேறுகாலம் சொல்லுகேன்" என்றாள்.

"ஆடி மாசம். நல்ல மழை. விடியக்காலம் இந்த வீட்டுலருந்து ஆளு வந்து கூட்டிட்டு வந்தாவ. பிள்ளை தலை திரும்பாமக் கெடந்துது. நான் எண்ணையத் தொட்டு இப்படித் திருப்பிட்டு இருக்கேன்." இரண்டு கையாலும் காற்றில் ஒரு வயிற்றைத் தடவித் திருப்பினாள். "உச்சிக்கு, புறவாசல்ல ஒரு சத்தம். என்னக் கூப்பிட்டதுபோல இருந்துது. யாருன்னு கேட்டேன். அப்போ கட்டில்ல கெடந்த அம்மை மாமியாருகிட்டச் சொன்னாவ, 'சொல்லாண்டாம், சொன்னா இவ போயிருவா'ன்னு. மாமியாரு போயிக் கதவச் சாத்தி இப்படிக் கொண்டியப் போட்டாவ. வந்து, பால்காரன்னாவ. நான் பால்காரன்னே நெனச்சேன்."

"நிப்பாட்டு" என்றான் கொழுந்தன். சாவி தீர்ந்துவிட்டது. மருத்துவச்சி கொண்டி போட்ட கையை அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு நிறுத்தினாள். நான் சொல்லிக்கொடுத்த பாடம். அவன் முறுக்கி முடிக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை. நான் மறுபடி தட்டினேன்.

"சாயங்காலம் பிள்ளை பொறந்துது. ஆம்பிளைப்பிள்ளை. குளிப்பாட்டிக் கொடுத்தேன். எனக்கு இந்தக் கிணத்தடியில எலை போட்டுச் சோறு வச்சாவ. நல்ல பசி, இப்படிப் பெசஞ்சு தின்னேன். மோருக்குக் கையேந்தும்போ சொல்லுகாவ, 'ஒனக்க மவளுக்கு வலி எடுத்திருக்காம், உச்சிக்கே ஆளு வந்துது'ன்னு. நான் கை கழுவல்ல. எச்சிக்கையோட ஓடினேன். அந்தக் கையோடதான் அவளத் தொட்டேன். ஆறிப்போயிக் கெடந்தா. பிள்ளை உள்ளயே கெடந்துது. தலை திரும்பாத பிள்ளை. அன்னைக்குப் பூரா நான் இங்கின இருந்து திருப்பிட்டிருந்தேனே, அதேபோல."

கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. "எனக்குச் சொல்லல்ல டீச்சரம்மா. நான் சேலைக்கு நிக்கல்ல. எனக்குச் சொல்லல்ல. அது மட்டும் தெரு கேட்டா மதி. வேற ஒண்ணும் வேண்டாம்."

காமிராவுக்குப் பின்னால் கொழுந்தன் குரல் மட்டும் வந்தது. "எந்தப் பிள்ளை?"

மருத்துவச்சி விரலைத் தூக்கி நேராகக் காமிராவுக்குள் நீட்டினாள். "இவருதான்."

அவன் கண்ணை எடுக்கவில்லை. சாவி தீரும்வரை எடுத்தான். பிறகு தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தான். முகம் வெளிறித்தான் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். வெளிறிய முகத்தோடு சொன்னான், "மைனி, விரலுக்கு வெளிச்சம் போதாது. அந்த விரலு காட்டுகத மட்டும் ஒருக்கக்கூடி எடுத்திருவோம்." அடப்பாவி! நான் கை தட்டியதும் மருத்துவச்சி இன்னொரு தடவை விரலை நீட்டினாள், இன்னொரு தடவை "இவருதான்" என்றாள்.

சில மாதங்கள் கழித்துப் படம் தயாராகிவிட்டது என்றான். "சத்தம் எப்படி வந்திருக்கு?" என்று கேட்டதற்கு, "அங்கங்க கொறச்சல் உண்டு மைனி, அத நாங்க செரியாக்கிட்டோம்" என்றான். நான் டீச்சர், காமிராக்காரி அல்ல. நம்பினேன்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் போட்டார்கள். ஹால் நிறைந்துவிட்டது. அத்தை முன்வரிசையில் சோபாவில். மருத்துவச்சி வெளுத்த சேலை உடுத்தி வந்திருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மாட்டேனென்று திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள், கேட்கிற காதைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டு. நான் பக்கத்தில் இருந்தேன்.

அத்தை திரையில் வந்தாள். அவள் குரல் கணீரென்று கேட்டது, வளையல் குலுங்கியதுகூடக் கேட்டது. பெண்கள் எல்லாரும் "நம்ம அம்மை, நம்ம அம்மை" என்று பூரித்தார்கள். மற்றவர்கள் வந்தார்கள், அவர்கள் குரலும் சுத்தமாக இருந்தது. கடைசியாகக் கிணற்றடி வந்தது. மருத்துவச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். படத்தில் அவள் வாய் அசைந்தது. வந்த சத்தம் ஒரு ஆம்பிளைச் சத்தம். யாரோ காலேஜ் வாத்தியார், மேடைத்தமிழ்.

"மகப்பேறு என்னும் மாண்புறு பணியில் தம் வாழ்வையே ஈந்த மூதாட்டி" என்று தொடங்கினார். அவள் கைகள் காற்றில் வயிற்றைத் திருப்பின. "சிசுவுக்கு எண்ணெய் தேய்க்கும் முறையை விளக்குகிறார்." கை கொண்டி போட்டது. "தொட்டில் கட்டும் விதத்தைச் செய்து காட்டுகிறார்." கை சோற்றைப் பிசைந்து வாய்க்குப் போனது. "பத்திய உணவின் அருமையை எடுத்துரைக்கிறார்." நான் உட்கார்ந்த இடத்தில் எரிந்தேன். கண்ணீர் வழிகிற முகம் பெரிதாக வந்தது. எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி, "ஆனந்தக் கண்ணீரு, பாவம்" என்றாள். கடைசியில் அந்த விரல். நல்ல வெளிச்சத்தில் விழுந்திருந்தது. "நீங்கள் அனைவரும் என் கையில் தவழ்ந்த செல்வங்களே என்று நம்மைச் சுட்டிக்காட்டி மகிழ்கிறார்!"

நான் எழுந்து பின்னால் புரொஜெக்டரிடம் போனேன். கொழுந்தன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"எங்கல அவ சத்தம்?"

"மெதுவாப் பேசுங்கோ மைனி."

"எங்கேன்னு கேட்டேன்."

"அம்மைக்குப் போட்டுக் கேக்க வச்சேன். ரெண்டுதரம் கேட்டா. கேட்டுட்டு, 'சத்தம் நல்ல தெளிவா விழுந்திருக்கு, அழிச்சிரு'ன்னா."

"நீ?"

"பெத்த தாயில்லியா மைனி."

"அங்க இருக்காளே, அவ யாரையும் பெறல்லியா?"

அவன் காமிராக்காரர்கள் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தான். "காசெட்டு சும்மா கெடக்காண்டாமேன்னு தங்கச்சி கல்யாணத்து நாதஸ்வரம் பிடிச்சாச்சு. மதி மைனி, ஆளுக பாக்குகாவ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். இவர்கள் சோறு போட்டு ஒரு தாயையும் பிள்ளையையும் மறைத்தவர்கள். முதல் தடவை கதவைச் சாத்தி, இரண்டாம் தடவை நாதஸ்வரத்தை வைத்து. நாசமாய்ப் போகட்டும் என்று அன்றைக்கு வாய்விட்டே சொன்னேன். ஒன்றும் நாசமாகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

விளக்கைப் போட்டார்கள். மருத்துவச்சிக்குப் பொன்னாடை என்று அறிவித்தார்கள். அவளை மேடையில் ஏற்றி நிறுத்தினார்கள். அத்தையே எழுந்து வந்து, உடம்பில் கை படாமல், தோளில் விழுகிற மாதிரி சால்வையைப் போட்டாள். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கண்ணை எடுத்தவள் அத்தை.

நான் மேடைக்குக் கீழே போய் நின்றேன். மருத்துவச்சி குனிந்து கேட்டாள், "டீச்சரம்மா, அதுல பேசினது நான் இல்லியே?"

"இல்ல ஆச்சி."

"அப்போ இப்போ சொல்லுகேன். கை தட்டுங்கோ."

அவளுக்கு அதுதான் முறை. டீச்சர் கை தட்டினால் பேச்சு தொடங்கும், தெரு கேட்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹாலே திரும்பிப் பார்க்கட்டும் என்று உள்ளங்கை காந்துகிற மாதிரி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

எனக்குப் பின்னால் ஒருவர் தட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு ஹால் முழுக்க எழுந்து நின்று தட்டியது. அத்தை தட்டினாள், வளையல் குலுங்கக் குலுங்கத் தட்டினாள். கொழுந்தன் கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினான். அந்த இரைச்சலுக்குள் மருத்துவச்சி பேசிக்கொண்டிருந்தாள். கை வயிற்றைத் திருப்பியது, கொண்டி போட்டது, சோற்றைப் பிசைந்தது. "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டித் தொலைங்க!" என்று நான் கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. விரல் எழும்பியது, அத்தைக்கு நேராக நீண்டது. படத்தில் பார்த்த விரல் நேரில் வந்ததும் கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. கைதட்டல் ஓய்ந்தபோது அவள் சொல்லி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மன்றத் தலைவர் மைக்கில் நன்றியுரை ஆரம்பித்துவிட்டார். மைக்கைப் பிடுங்க நான் மேடையில் ஏறினேன். என் வீட்டுக்காரர் முடியைப் பிடிக்காத குறையாக என்னைக் கீழே இழுத்தார். "குடும்ப மானம், பிள்ளே, குடும்ப மானம்" என்றார்.

அவரை உதறிவிட்டு நான்தான் மருத்துவச்சியை வீட்டில் கொண்டுவிடப் போனேன். சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு தெளிச்சம். கிள்ளியாற்றுப் பாலம் வந்தது. பாலத்தில் கேட்டாள்.

"எல்லாரும் கேட்டாவளா டீச்சரம்மா?"

கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியவள் நான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நான் ஒண்ணு விடாமச் சொன்னேன். எனக்குச் சொல்லல்லன்னும் சொன்னேன்."

"சொன்னீங்க ஆச்சி."

கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றுவிட்டாள். அந்தத் தெளிச்சம் முகத்திலிருந்து மெல்ல இறங்குவதைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன். கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"பின்ன எதுக்குக் கை தட்டினாவ? எனக்க மவ செத்ததுக்கா?"